அடிக்கிற பிள்ளையை யார் வளர்த்தது?

கேட்டவர், 09.09.2024, காலை

என் மகள் மூன்றாம் வகுப்பு. அதே வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு மாதமாக அவள் பையை ஒளித்துவைக்கிறான், வரிசையில் நிற்கும்போது இடிக்கிறான், பட்டப்பெயர் வேறு வைத்திருக்கிறான். என் முடிவு இதுதான்: வளர்ப்புச் சரியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் மற்றப் பிள்ளைகளை வதைக்கிறார்கள். வீட்டைத் திருத்தினால் எல்லாம் தீரும். இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

09.09.2024, இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்கு வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும் என்பதால் சரியான பாதியை முதலில் முடித்துவிடுகிறேன்.

இருபத்தாறு வருடமாக ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் பாடம் எடுக்கிறேன். வீட்டில் அடி வாங்கும் பிள்ளை பள்ளியில் கை நீட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டான் ஓல்வேயஸ் என்று ஓர் உளவியலாளர். சுவீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்தவர், இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர் என்றே சொல்லலாம். முரட்டுப் பையன்களின் வீடுகளை ஆராய்ந்து 1980இல் அவர் நான்கு விஷயங்களைச் சுட்டினார்: சின்ன வயதில் தாயிடம் கிடைக்காத அரவணைப்பு, பிள்ளை கை ஓங்கும்போது கண்டுகொள்ளாமல் விடுவது, அடித்தும் மிரட்டியும் அடக்குவது, பிள்ளையின் பிறவிச் சுபாவம். நான்காவது வளர்ப்பில் சேராது என்பதைக் கவனியுங்கள். முதலாவதில் தாய் மட்டும் ஏன் வருகிறாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அப்பாக்களுக்கு எப்போதும் வேறு வேலை இருக்கும்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961இல் செய்த பொம்மைச் சோதனையும் உங்கள் பக்கம்தான். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள், பிறகு அதே பொம்மை கையில் கிடைத்ததும் அவர் அடித்தபடியே அடித்தார்கள், அவர் சொன்ன சொற்களையே சொன்னார்கள்.

இப்போது மீதிப் பாதி. அண்ணன், தம்பி இருவருக்கும் நான் பாடம் எடுத்திருக்கிறேன், மூன்று வருட இடைவெளியில். ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே பெல்ட். அண்ணன் வகுப்பையே ஆட்டிவைத்தான். தம்பியோ, யாருடைய ரப்பர் தொலைந்தாலும் கேட்பதற்கு முன்பே தன் பையைத் திறந்து காட்டுவான். வளர்ப்புதான் காரணம் என்றால் இந்தத் தம்பியை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

10.09.2024, மாலை

"வெளியே முரடன், உள்ளே பயந்தவன், தாழ்வு மனப்பான்மை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல வருடம் அதை நம்பி, அடிக்கிற பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்து, "நீ ரொம்ப நல்லவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் அதை முழுமனதாக ஒப்புக்கொண்டார்கள். "தெரியும் டீச்சர்" என்றே ஒருவன் சொன்னான்.

ஓல்வேயஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். முரட்டுத் தோலுக்குள் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் அந்த நடுங்கும் குழந்தை அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பையன்களின் பதற்றம் சராசரி அளவில்தான் இருந்தது, சிலருக்கு அதைவிடக் குறைவு. 1999இல் இங்கிலாந்தில் ஜான் சட்டன் என்பவரும் அவருடைய குழுவினரும் 7 முதல் 10 வயது வரையான 193 குழந்தைகளிடம் கதைகளைச் சொல்லி, கதையில் வருகிறவர் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். மிக நன்றாகப் பதில் சொன்னவர்கள் வம்புக் கூட்டத்தின் தலைவர்கள். வால் பிடிப்பவர்களும் அடி வாங்குபவர்களும் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எந்தச் சொல்லுக்கு யார் அழுவார்கள் என்று அவளுக்கு அட்டவணை போட்டதுபோலத் தெரியும். கை ஓங்கியதே இல்லை. "இன்றைக்கு நாம் அவளோடு காய்" என்பாள், அவ்வளவுதான். மதியத்துக்குள் ஒரு பெஞ்சே காலியாகிவிடும். யாரிடம் எதைச் சொன்னால் வேலை நடக்கும் என்பது தலைமையாசிரியரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

10.09.2024, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அடிக்கவும் செய்து அடியும் வாங்குகிற பிள்ளைகள் ஒரு தனி ரகம். அவர்களிடம் பதற்றம் உண்டு, முன்கோபம் உண்டு. கை தவறி இடித்தாலும் வேண்டுமென்றே இடித்ததாக எடுத்துக்கொள்வார்கள். உள்ளே பயந்தவன் என்பது இவர்களுக்குப் பொருந்தும். பிடிபடுகிறவர்கள் இவர்கள்தான் என்பதால் எல்லோரையும் இவர்களை வைத்தே எடைபோடுகிறோம். கெட்டிக்காரர்கள் பிடிபடுவதில்லை.

12.09.2024, காலை

எதை வதை என்கிறோம் என்பதில் ஒரே குழப்பம். நேற்று என் வகுப்பில் ஒரு பையன் கண்ணீரோடு வந்து, ஒருத்தி தன்னைக் கொடுமைப்படுத்துகிறாள் என்றான். விசாரித்தேன். நீலப் பென்சிலைக் கொடுக்க மாட்டேன் என்றாளாம். அது அவளுடைய பென்சில்.

சிரிக்க வேண்டாம், இந்த வயதில் அது இயல்பு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 14 நாடுகளின் பிள்ளைகளிடம் குச்சி மனிதர் படங்களைக் காட்டி, உங்கள் மொழியில் இதற்கு இந்தச் சொல் பொருந்துமா என்று கேட்டார்கள். 14 வயதுப் பிள்ளைகள் சண்டை வேறு, வதை வேறு, ஒதுக்கிவைப்பது வேறு என்று பிரித்தார்கள். 8 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டே கட்டம்தான்: கெட்டது, கெட்டது அல்ல.

பெரியவர்களாகிய நமக்கு ஓல்வேயஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாத இடத்தில் இருப்பவரிடம் செய்வது. மூன்றாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் இன்றைக்கு அடிபடுகிறவன் அடுத்த மாதமும் அடிபடுவான் என்பதில்லை. அடிக்கிறவன் அதே ஆளாக இருப்பான், அடிபடுகிறவர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். வயது ஏற ஏறத்தான் ஒரே பிள்ளை மீது அது ஒட்டிக்கொள்கிறது. ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் என் கேள்வி. அடித்தவன் ஏன் அடித்தான் என்பதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

12.09.2024, மதியம்

இந்த வதைக்குத் தமிழில் என்ன சொல் என்று ஒருவர் கேட்டார். மலேசியத் தமிழ் நாளிதழ்கள் "பகடிவதை" என்று எழுதுகின்றன. இலங்கையில் "பகிடிவதை" என்றால் பல்கலைக்கழகத்தில் புதியவர்களைப் படுத்தும் பாடு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். பகடியும் வதையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர்" என்ற வாக்குமூலம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சுவீடன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பேட்டர்-பால் ஹைனமன் என்ற மருத்துவர் 1969இல் "மோப்னிங்" என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸிடமிருந்து எடுத்தது. சிறு பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஆந்தையைத் துரத்துமே, அதைக் குறிக்கும் சொல். அவர் கண்ணில் பட்டது கூட்டம்: ஒழுங்காக இருக்கிற பிள்ளைகளே திடீரென ஒன்றாகி ஒருவன் மீது பாய்வது. ஓல்வேயஸ் இதை ஏற்கவில்லை. பெரும்பாலும் ஒருவரோ இரண்டு மூன்று பேரோதான் செய்கிறார்கள், வகுப்பு முழுக்கப் பாய்வதில்லை, கூட்டத்தைக் குற்றம் சொன்னால் செய்தவன் தப்பித்துவிடுவான் என்றார்.

ஆக, கேட்டவரும் நானும் போடுகிற இதே சண்டையை அவர்கள் ஐம்பது வருடத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள். நாம் தாமதமாக வந்து நாற்காலி தேடுகிறோம்.

13.09.2024, இரவு

நான் ஹைனமன் பக்கம், கொஞ்சம் திருத்தத்தோடு. கூட்டம் அடிப்பதில்லை. கூட்டம் பார்க்கிறது.

கனடாவில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்கும் பிள்ளைகளின் உடையில் மைக் பொருத்தி, விளையாட்டு மைதானத்தைத் தூரத்திலிருந்து படம் பிடித்தார்கள். ஒவ்வொரு சம்பவமும் சராசரியாக 38 விநாடி. ஆசிரியர்கள் தலையிட்டது 100க்கு 4 தடவை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மைதானத்தில் நிற்கும் ஆசிரியை தலையைத் திருப்பிச் சக ஆசிரியையிடம் ஒரு வாக்கியம் பேசி முடிக்க 38 விநாடி ஆகும். நான் அப்படி எத்தனை வாக்கியம் பேசியிருக்கிறேன்!

அவர்களும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 88 சதவீதச் சம்பவங்களில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் தடுக்க முயன்றது 19 சதவீதத்தில் மட்டும். ஆனால் அப்படி முயன்றபோது பாதிக்கு மேல், 57 சதவீதம், 10 விநாடிக்குள் நின்றுபோயிற்று.

என் வகுப்பிலும் பார்த்தேன். ஒரு பையன் மூன்றாவது வரிசைக்காரன் ஒருவனை விடாமல் சீண்டுவான். அவன் வாயைத் திறந்ததும் சிரிக்க இரண்டு பேர் தயாராக இருப்பார்கள். சீண்டியவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரையும் வேறு வேறு மூலையில் உட்காரவைத்தேன். நான்கு நாளில் நின்றுவிட்டது.

14.09.2024, காலை

நேற்று எழுதியதில் கடைசி வாக்கியம் பொய். தூக்கம் வராமல் யோசித்தபோது தெரிந்தது.

நான்கு நாளில் என் வகுப்பறையில் நின்றது. இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் தொடங்கியது. அங்கே வேறு வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள், புதிய ரசிகர்கள் கிடைத்தார்கள். அடிபட்ட பையன் தண்ணீர் குடிக்கப் போவதையே விட்டுவிட்டான். மதியம் தலை வலிக்கிறது என்று அவன் படுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆக, ரசிகர்கள்தான் காரணம் என்ற என் வாதம் கெடவில்லை. நான் கெட்டிக்காரி என்ற வாதம் கெட்டது.

15.09.2024

ஒரு பிள்ளை அடிபடுவதற்குக் காரணம் கண்ணாடி, பருமன், கறுப்பு, திக்குவாய், ஏழ்மை என்று ஒரு பட்டியல் வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஓல்வேயஸ் தன் ஆய்வில் பார்த்தவரை வெளித்தோற்றம் அவ்வளவு பெரிய காரணமாக இல்லை. உடல் பலத்தில் வித்தியாசம் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் பருமனான பிள்ளைகளுக்கும் உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும் இது கூடுதலாக நடக்கிறது என்று காட்டின. குடும்ப வசதிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் சொன்னபடி, மிகவும் மெலிந்தது. வசதியான வீட்டுப் பிள்ளையும் அடிப்பான், ஒழுங்காக மன்னிப்பும் கேட்பான்.

என் அனுபவத்தில் ஆளைத் தேர்ந்த பிறகுதான் காரணம் தேடப்படுகிறது. "சோடாபுட்டி" என்று ஒருவனை ஓட ஓட விரட்டிய கூட்டத்தின் தலைவனும் கண்ணாடிதான் போட்டிருந்தான். யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

17.09.2024, இரவு

ஓல்வேயஸின் மூன்றாவது அடையாளத்துக்கு வருகிறேன் என்றேன். ஐந்து நாள் தள்ளிப்போட்டாயிற்று. எழுதிவிடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன், மூன்றாம் வகுப்பு, 38 பிள்ளைகள். தினமும் ஒரு பத்து நிமிடம் அலுவலகத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. எல்லா ஆசிரியர்களும் செய்வதையே செய்தேன். வகுப்புத் தலைவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, "பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுது" என்றேன். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. திரும்பி வந்ததும் பட்டியலில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அறை அமைதியாயிற்று. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். நானும் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். மகனுக்கு வாரத்துக்கு ஒரு ரப்பர் வாங்கிக் கொடுத்து மாளவில்லை, எங்கேதான் போகிறது என்றார். நான் அந்தப் பையனைத் திட்டினேன். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டேன். அவன் தலைவனைப் பார்த்தான். ஒரு கணம்தான். ஆனால் பதினெட்டு வருடம் பிள்ளைகளின் பார்வையைப் பார்த்தவளுக்கு அது போதும்.

தலைவனின் டப்பாவில் பதினாறு ரப்பர், ஏழெட்டுப் பென்சில், ஸ்டிக்கர் ஒரு கட்டு. விலைப்பட்டியலே இருந்திருக்கிறது. பெயரை எழுதாமலிருக்க ஒரு ரப்பர். எழுதிய குறியை அழிக்க ஒரு ஸ்டிக்கர். பேசினார்களா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை.

கொடுக்க எதுவும் இல்லாத பையன் ஒருவன் இருந்தான். தினமும் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. பிள்ளைகள் அவனைப் "பலகை" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மைதானத்திலும் அதே பெயர். ஆட்டத்தில் சேர்க்கவில்லை, வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள், எது தொலைந்தாலும் அவன் பை. எந்தப் பிள்ளையும் அதைத் தப்பாக நினைத்ததாகத் தெரியவில்லை. தினமும் டீச்சரே நிற்கவைக்கும் பையன் அல்லவா.

அடிபடுவது ஏன் ஒரு பிள்ளை மீது ஒட்டிக்கொள்கிறது என்று மேலே கேட்டேன். இவன் விஷயத்தில் பசை என் கையில் இருந்தது. கடைசி வாரங்களில் நான் பலகையைப் படித்ததுகூட இல்லை. கதவைத் திறக்கும்போதே கண் அவன் பக்கம் போகும், அவனும் எழுந்துகொண்டே இருப்பான்.

தலைவன் யார் தெரியுமா? வளர்ப்பில் ஒரு குறை சொல்ல முடியாத வீட்டுப் பிள்ளை. பணிவு, சுத்தம், கையெழுத்து முத்து முத்தாக. அதனால்தான் தலைவனாக்கினேன். அதற்கு முந்தைய வருடம் அவன் யாரையும் துன்புறுத்தியதாக ஒரு புகாரும் இல்லை. ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரமுள்ள 38 பேரிடையே, எதிர்க்க முடியாத இடம் என்று ஒன்று தானாக முளைக்காது. இங்கே அதை நான் சாக்பீஸாகக் கொடுத்தேன். திரும்பத் திரும்ப நடப்பதற்குப் பாடவேளை அட்டவணை இருந்தது.

18.09.2024, காலை

"அப்படியானால் அந்தத் தலைவன் அப்பாவியா?" இல்லை. பதினாறு ரப்பர் சேர்த்தவன் அப்பாவி அல்ல. ஓல்வேயஸ் சொன்னது இங்கே சரி: கூட்டத்தின் மீதும் ஏற்பாட்டின் மீதும் பழியைப் போட்டால் செய்தவன் நழுவிவிடுவான். அவனை உட்காரவைத்து ஒவ்வொரு ரப்பரையும் உரியவனிடம் அவன் கையாலேயே கொடுக்கவைத்தேன். நான் செய்ததற்கு என்னை உட்காரவைக்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். பலகைப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்றான். நின்றுகொண்டே சொன்னான்.

கேட்டவர், 19.09.2024, மாலை

பள்ளிக்குப் போயிருந்தேன். பையனின் அப்பாவும் வந்தார். எல்லோர் முன்னிலையிலும் அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

19.09.2024, இரவு

வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னது இந்தப் பையன் விஷயத்தில் சரி போலிருக்கிறது. அதை உங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த அறையால் அவன் கற்றுக்கொண்டது, பலமுள்ளவன் பலர் பார்க்க அடிக்கலாம் என்பதைத்தான். உங்கள் மகளை இனி அவன் அடிக்க மாட்டான், நீங்கள் பார்க்கிற இடத்தில்.

மகளிடம் அவனைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கே நடக்கிறது, எந்த நேரத்தில், அப்போது பக்கத்தில் யார், யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று கேளுங்கள். சிரிக்காத ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளையின் பெயரை வகுப்பாசிரியரிடம் சொல்லி, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். வரிசைக்கும் அதே ஜோடி. வரிசையில் தள்ளுமுள்ளு எந்த இடத்தில் நடக்கிறதோ அங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும். எளிய வேலைதான், ஆனால் அதற்கு ஓர் ஆசிரியர் தன் தேநீர் இடைவேளையை விட வேண்டும். அங்கேதான் இழுபறி வரும்.

22.09.2024

ஒரு எச்சரிக்கை. இதற்கென்று பின்லாந்தில் கிவா என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்டினா சல்மிவல்லியின் குழு உருவாக்கியது, 2009 முதல் நாடு முழுக்க. பார்க்கிற பிள்ளைகளை மாற்றுவதுதான் அதன் மையம், அதனால் எனக்கு அதன் மேல் பிரியம். ஆனால் வகுப்பில் வதை குறைந்த பிறகும் அடிபட்டுக்கொண்டிருக்கிற அந்த ஒன்றிரண்டு பிள்ளைகள், வதை குறையாத வகுப்புகளில் அடிபடுகிறவர்களைவிடக் கூடுதலாக உடைந்துபோகிறார்கள் என்றும் அங்கே கண்டார்கள். பத்துப் பேர் அடிபட்டால் வகுப்பு மோசம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒருத்தி மட்டும் அடிபட்டால், தான்தான் மோசம் என்று நினைப்பாள்.

என் "மிக நல்ல வகுப்பு" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லும் ஒரு வருடம் உண்டு. அந்த வருடத்துப் பெண் ஒருத்தி பாதியில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். காரணம் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

25.09.2024, இரவு

சாக்பீஸை வாங்கிக்கொண்ட பிறகு என்ன ஆயிற்று என்று இருவர் கேட்கிறார்கள். சத்தம்தான் ஆயிற்று. நான் அலுவலகம் போகும் அந்தப் பத்து நிமிடமும் சந்தைக்கடைதான். முன்பு பாராட்டிய அதே பக்கத்து ஆசிரியை சுவரைத் தட்டினார். தலைவர் பதவியை வாரம் ஒருவர் என்று சுழற்சியாக்கினேன். நோட்டு சேகரிப்பது, கதவைச் சாத்துவது, அவ்வளவுதான் அதிகாரம். பலகைப் பையன் தன் வாரத்தில் கதவை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சாத்தினான்.

பட்டியல் மட்டும் சாகவில்லை. பிள்ளைகள் அதை நோட்டின் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் கணக்கு நோட்டு திருத்தும்போது அப்படி ஒன்று கையில் கிடைத்தது. தலைப்பு: பேசுகிறவர்கள். கீழே ஒரே ஒரு பெயர், என்னுடையது. பக்கத்தில் மூன்று பெருக்கல் குறி.